இரண்டு வெள்ளைத் தொட்டிகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே உன் சிநேகிதன் வீட்டில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். பதினோரு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. கடிதத்தை கட் பண்ண முடியாது பார், அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. வாய்தான் ஓயவில்லை. நீ ஏன் இரண்டு வாரமாக விமானம் ஓட்டவில்லை, ஏன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினாய் என்று என்னைத் துளைத்து எடுக்கிறார். "அவன் ஏதோ தப்பு பண்ணிட்டு ஒளிஞ்சிருக்கான். சின்ன வயசுல ஜன்னல் கண்ணாடிய ஒடச்சிட்டு மாடில போய் உக்காந்துக்குவானே, அதே கதைதான்" என்றார். பெற்றவளுக்குத் தெரியாதா? உன் மாமா செருப்பைத் தேடுகிற மாதிரி வெளியே நழுவிவிட்டார். மாட்டிக்கொண்டது நான்.

ஏர்போர்ட் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் என்னை மைக் பக்கமே விடுவதில்லை. விசாரணை முடியும் வரை கீழ்த்தளத்தில் ஃபைல் அடுக்குகிறேன். கொடுத்திருக்கிற நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஆடிக்கொண்டே இருக்கிறது. அதற்காக நான் இடிந்துபோய் உட்காரவில்லை. என் அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் உன்னைப் பற்றி என்ன எழுதினேனோ என்றுதான் நீ போனை எடுக்காமல் இருக்கிறாய் என்று நினைக்கிறேன். சொல்கிறேன், கேள்.

அன்று சாயங்காலம் ஃபிளையிங் கிளப்பின் சின்ன விமானத்தை ஓட்டிக்கொண்டு நீ தனியாகத் திரும்பி வந்தாய். என் ரேடார் திரையில் நீ இல்லை. எங்கே இருக்கிறாய் என்று ரேடியோவில் கேட்டேன். வெள்ளைத் தொட்டிக்கு மேலே, ஆயிரம் அடி உயரத்தில் என்றாய். வெள்ளைத் தொட்டி என்றால் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிதான். விமானங்கள் இறங்கும் பாதையிலிருந்து அது நன்றாகத் தள்ளி இருக்கிறது. சின்ன விமானம் அங்கே சுற்றிக்கொண்டு காத்திருக்கும், பெரிய விமானம் அது பாட்டுக்கு இறங்கும். வருஷக் கணக்காக அப்படித்தான் நடக்கிறது. நானும் சரி என்று சொல்லிவிட்டு, நூற்று நாற்பது பேரோடு வந்துகொண்டிருந்த விமானத்தை இறங்கச் சொன்னேன்.

என் தப்பு அங்கேதான். திரையில் தெரியாத விமானத்திடம் இன்னொரு அடையாளமும் கேட்க வேண்டும். ஆறு எந்தக் கைப்பக்கம், கீழே ரோடு தெரிகிறதா என்று ஏதாவது ஒன்று. வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பேன். உன் குரலைக் கேட்டதும், நம்ம ஆள்தானே என்று விட்டுவிட்டேன். என் அறிக்கையின் முதல் பத்தியே இதுதான். என் மேலதிகாரி படித்துவிட்டு, "இதை நீங்களே எழுதணுமாம்மா?" என்று கேட்டார். வேறு யார் எழுதுவார்கள் என்றேன்.

அப்புறம் பழக்கதோஷத்தில் தொலைநோக்கியை எடுத்துப் பள்ளிக்கூடத்துப் பக்கம் பார்த்தேன். தொட்டிக்கு மேலே ஒரு காக்காய்கூட இல்லை. காலையில் பஸ்ஸில் வரும்போது பார்த்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மரக்கடைக்குப் பின்னால் இருக்கும் சாம்பல் நிறத் தொட்டிக்குப் புதிதாக வெள்ளை அடித்துவிட்டு, சாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அது இறங்கும் பாதைக்கு நேர் கீழே இருக்கிறது. நீ சொன்ன வெள்ளைத் தொட்டி அதுதான். பெரிய விமானத்தை இறங்காமல் மேலே ஏறச் சொன்னேன். உன்னை உடனே இடப்பக்கம் திரும்பி ஆற்றை நோக்கிப் போகச் சொன்னேன். இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் செய்தீர்கள். இடையில் இருந்தது முந்நூறு அடி. பெரிய விமானத்தில் எச்சரிக்கைக் கருவி இருக்கிறதே, அது ஏன் கத்தவில்லை என்று உன் மாமா கேட்டார். எதிரே வருகிற விமானத்தில் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி பதில் சிக்னல் கொடுத்தால்தான் அது கத்தும், என் திரையிலும் தெரியும், இவனுடையது ஊமையாக இருந்தது என்றேன்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். டிரான்ஸ்பாண்டர் பறக்கும்போது பழுதாகிவிட்டது என்று நீ விசாரணைக்கு எழுதி அனுப்பியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு கிளப்பில் மெக்கானிக் அண்ணனை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். பத்தொன்பது வருஷமாக அவர் கை வைத்த எந்த விமானமும் ஆகாயத்தில் மக்கர் பண்ணியதில்லை. நேற்று என்னைப் பார்க்க வந்தார். உன்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. "தம்பி எறங்கினதும் நான்தாங்க மொதல்ல போய்ப் பாத்தேன். அந்தக் கருவியோட ஸ்விட்ச், விமானம் தரையில நிக்கும்போது வைக்கிற ஆஃப்லயே இருந்துச்சு. நான் சொன்னா யாரு நம்புவா?" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. ஏனென்றால் அன்றைக்குக் கோபுரத்துப் படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கிளம்பும்போது ஆன் பண்ண மறந்துட்டேன்" என்று நீ அழுதாயே.

அறிக்கையில் உன்னைப் பற்றி ஒரே வரிதான் எழுதினேன், திரையில் தெரியவில்லை என்று. வேலையில் நான் கண்டதை மட்டும் எழுதினேன். படிக்கட்டில் கேட்டதை எழுதக் கை வரவில்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. என்னைக் கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன், இன்னொருவர் சோற்றில் மண் போட என்னால் முடியாது. ஆனால் அதை நான் சொன்னால் நீ பொய்யனாகிவிடுவாய். நீயே சொன்னால் மறந்துபோன ஒரு பைலட், அவ்வளவுதான். லைசென்ஸைக் கொஞ்ச நாள் வாங்கி வைப்பார்கள். வைக்கட்டுமே, திரும்பக் கொடுப்பார்கள். மறதிக்குத் தண்டனை சின்னது, எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். தெரிந்தும் உதறல் எடுத்ததுதான் எனக்குக் கோபம்.

இன்னொரு நல்ல செய்தி. இனிமேல் தொட்டியை அடையாளம் சொல்லக் கூடாது, ரயில் பாலத்தைத்தான் சொல்ல வேண்டும், திரையில் தெரியாத சின்ன விமானம் ஆற்றைத் தாண்டி உள்ளே வரவே கூடாது என்று ஒரு விதி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாஸ் ஆகிவிடும். எதனால் இந்த விதி என்று அவர்கள் கேட்கும்போது பதில் சொல்ல நீயும் அங்கே இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்கால பஸ்ஸில் ஏறு. ஸ்டாண்டுக்கு உன் மாமா வருவார். அம்மாவிடம் நீ வருகிறாய் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன்.

அன்றைக்கு உங்கள் இரண்டு விமானத்தையும் விலக்கிய அந்த நாற்பது வினாடியும் உன்னை விமானத்தின் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். பெயரைச் சொல்லியிருந்தால் எனக்குக் குரல் எழும்பியிருக்காது, நீ திரும்பியிருக்க மாட்டாய். இப்போது என் கையில் மைக் இல்லை, உத்தரவு போடவும் முடியாது. தம்பி, என் தம்பி, வந்துவிடுடா.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டிக்கொண்டிருக்கும்,
உன் அக்கா