ராயப்பனின் முகம்

விழுப்புரம்
7.3.1986

அன்பு மருமகள் செண்பகத்துக்கு,

நான் அப்போதே சொன்னேன். உன் தம்பி தேவநாதன் பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்றே, “இவன் முகம் ஒருநாள் சுவரில் ஏறும்” என்றேன். யார் கேட்டீர்கள்? இப்போது திண்டிவனம் படிப்பகத்துச் சுவரையே உனக்கு விட்டுவிட்டார்கள், அவனை வரைய!

பனி எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாய். நான் பார்க்காத பனியா? மரக்காணத்தில் உப்பைக் குவித்து வைத்திருப்பார்களே, அதேதான். பஸ் ஏறிப் போய்ப் பார். காஷ்மீரில் கூடாரத்தின் மேல் பனி சரிந்தபோது, நம் பையன் தன் உயிரைக் கொடுத்து, கூட இருந்த சிப்பாய் ராயப்பனை வெளியே தள்ளிக் காப்பாற்றினான் அல்லவா, அந்தக் கையைப் பெரிதாகப் போடு. லீவில் வந்த சிப்பாய் ஜங்ஷனில் என்னிடம்தானே சொன்னான். ராயப்பனுக்குச் சுருட்டை முடி.

மாமா பச்சைமுத்து

திண்டிவனம்
29.3.1986

மாமாவுக்கு வணக்கம்.

உப்பளம் பார்த்தேன், கண் கூசியது. படம் முடிந்தது. அம்மாவை அழைத்துப்போய்க் காட்டினேன். மகனைப் பார்த்து அழுவாள் என்றிருந்தேன். ராயப்பனையே பார்த்தபடி நின்றாள். “எம் புள்ள கை பட்ட தோளுடி இது. அவன ஒரு வாட்டி தொட்டுப் பாத்துட்டு வந்துடறேன்” என்கிறாள். அவனுக்கென்று மல்லாட்டையை வறுத்து, தோல் நீக்கி, வெல்லப்பாகில் உருண்டையும் பிடித்துவிட்டாள். அவன் ஊர் எது? நீங்கள்தான் அழைத்துப்போக வேண்டுமாம்.

செண்பகம்

விழுப்புரம்
2.4.1986

மருமகளே,

ராயப்பனை அஸ்ஸாமுக்கு மாற்றிவிட்டார்கள். ரயிலே பதினெட்டு நாள். அக்கா உடம்பு தாங்காது. உருண்டையை எனக்கு அனுப்பு, நான் சேர்ப்பித்துவிடுகிறேன்.

மாமா

திண்டிவனம்
8.4.1986

மாமா,

அம்மா கேட்க மாட்டேன் என்கிறாள். “அஸ்ஸாம்னா என்னா, அங்க மனுசங்க இல்லியா?” என்கிறாள். ராயப்பன் விலாசம் கேட்டு ராணுவத்துக்கு மனு எழுதச் சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை தபாலில் போடுகிறேன்.

செண்பகம்

விழுப்புரம்
10.4.1986

செண்பகம்,

மனுவைப் போடாதே. உன் கடிதம் வந்ததிலிருந்து உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. டீக்கடைக்குப் போகிறேன், குடிக்காமல் திரும்புகிறேன்.

அந்தச் சிப்பாய் சொன்னது இவ்வளவுதான்: கூடாரத்தில் இருந்த ஐந்து பேரும் தூக்கத்திலேயே போய்விட்டார்கள். அதைச் சொல்லத்தான் அன்று நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் உங்கம்மா, “சும்மாவாடா செத்துட்டான் எம் புள்ள?” என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நீ எதுவும் சொல்லாதே, அக்காவிடம் நானே சொல்கிறேன். அதுவரை சுவரைத் தொடாதே.

ராயப்பன் என்று யாரும் இல்லையம்மா.

பச்சைமுத்து