விலை கேட்காத அக்டோபர்

அன்பு மகளே,

பட்ஜெட் சண்டையில் அரசாங்க ஆபீஸ்கள் மூடிக் கிடந்து சம்பளமும் நின்றுபோன நாட்களில் அம்மா வீட்டில் அழுதுகொண்டிருப்பாள் என்று பயந்தாயாமே. அதெல்லாம் இல்லை. அப்பா போனபின் நான் இவ்வளவு நன்றாகச் சாப்பிட்டதே இல்லை.

தனிக்கட்டை ஆர்வில்லின் ரொட்டிக்கடை ஞாபகமிருக்கிறதா? நாட்டின் விலைவாசிக் கணக்குக்காகப் பதினொரு வருடமாக மாதம் ஒருமுறை அங்கே போய், அதே ஒரு பவுண்டு ரொட்டியின் விலையைக் குறித்து வருகிறேன். விலை கேட்கும் கடையில் ஓசிக் காபிகூடக் குடிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அவர் ஒவ்வொரு முறையும் நீட்டுவார். நான் மறுப்பேன்.

அக்டோபரில் நான் போகவில்லை. அவரே போன் செய்தார்.

"என்ன மேடம், விலை கேக்க ஆளையே காணோம்?"

"ஆபீஸ மூடிட்டாங்க. இப்ப கேட்டா சட்டப்படி தப்பு."

"அப்போ நீங்க இப்ப வேலையில இல்ல?"

"இல்ல."

"அப்படின்னா காபி ஆறுறதுக்குள்ள வந்து சேருங்க!"

போனேன். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாள் மழை, அன்றும் போனேன்.

இப்போது ஆபீஸ் திறந்துவிட்டது. போன மாத விலையை இனி யாரும் போய்க் கேட்க முடியாது. அட்டவணையில் அக்டோபர் கட்டம் காலியாகத்தான் வருமாம். பொருளாதார நிபுணர்கள் டிவியில் புலம்புகிறார்கள். எனக்குச் சிரிப்பு வருகிறது.

அந்தக் கடையை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்டேன்.

"ஏன், கடைக்காரர் ஏதாவது தகராறு பண்றாரா?"

"ஆமா. எங்கிட்ட காசு வாங்க மாட்டேங்கறார்."

இந்த மாதக் கடைசியில் வரும் நன்றி நாள் (தேங்க்ஸ்கிவிங்) விருந்துக்கு நீ ரொட்டி வாங்காதே. நாங்கள் கொண்டுவருகிறோம்.

உன் அம்மா