ஆள் வருது

அக்கா,

இன்று காலை கம்பெனி பஸ்ஸின் கீழ்ப்படியில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. 'படியில் நிற்காதீர். பேருந்து யாருக்காகவும் காத்திருக்காது.' நீ வலது காலை ஊன்றி நிற்பாயே, சரியாக அந்த இடத்தில். பார்த்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. உன்னைத் தடுக்க ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், அதுவும் நீ செத்த பிறகு.

படப்பை நிறுத்தத்தில் ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நிற்பாய். தூரத்தில் யாராவது ஓடி வந்தால் போதும், "யோவ், ஆள் வருது, இருய்யா!" என்று டிரைவரிடம் கத்துவாய். நீ காலை எடுக்காமல் அவர் எப்படி வண்டியை எடுப்பார்? பஸ்ஸை விட்டால் அன்றைக்கு ஒரகடத்தில் கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டார்கள். அது உள்ளே உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்பார்கள்: "யாரும்மா அது? நம்ம ஆளா?"

அந்தக் கேள்வி எதற்கென்று நமக்குத் தெரியாதா? நம்ம ஊரா, நம்ம ஜாதியா, நம்ம சாமியைக் கும்பிடுகிறவரா, இல்லை இந்தி பேசுகிற கான்ட்ராக்ட் ஆளா. எல்லாம் அந்த 'நம்ம'வுக்குள் இருந்தது. நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். "ஆளுன்னா ஆளுதான். அதுல இன்னா நம்ம ஆளு, உன் ஆளு?"

ஒருநாள் நீ பஸ்ஸை நிறுத்திவைத்த மனிதர் நம்மைத் தாண்டி ஓடிப்போய், பின்னால் நின்ற வேறு கம்பெனி பஸ்ஸில் ஏறினார். பஸ் முழுக்க உன்னைத் திட்டியது. "சட்டை கலரு ஒண்ணாத்தானே கீது, எனக்கு இன்னா தெரியும்? அவருக்கு பஸ்ஸு கெடச்சுதுல்ல, வுடு" என்று சிரித்தாய்.

காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. உன்னைப் பெட்டியில் வைத்து, சபைப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தபோது, நான் லீவு போட்டுவிட்டு உன் தெருமுனையில் நின்றிருந்தேன். அதே பஸ் வந்தது. உனக்காக இரண்டு நிமிடம் நிற்கும் என்று நினைத்தேன். வேகம்கூடக் குறையவில்லை அக்கா. உன்னால் பஸ் பிடித்தவர்கள் எத்தனை பேர் ஜன்னலோரம் இருந்தார்கள் தெரியுமா! முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவர்களை நான் மன்னிக்கப் போவதில்லை. உன் வேதத்தில் மன்னிக்கச் சொல்லியிருக்கலாம், எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்று அந்த ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டு நான் கீழே நின்றபோது, கம்பெனியில் எங்கள் லைனில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒடிசாப் பெண் சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்தபடி ஓடி வந்தாள். டிரைவர் கியரைப் போட்டார். என் வலது கால் போய் ஸ்டிக்கர் மேல் ஊன்றியது.

"ஆள் வருது!" உன் அளவுக்குச் சத்தம் வரவில்லை. ஆனால் வந்தது.

"இன்னாம்மா, படிக்கத் தெரியாதா?" என்றார் டிரைவர். பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "யாரு, நம்ம ஆளா?"

"ஆளு" என்றேன். அவள் ஏறி உட்காரும் வரை காலை எடுக்கவில்லை.