லூர்து, உன் நடையில் குறையில்லை

என் லூர்துக் குட்டிக்கு,

நீ போனதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் உன் கல்லறைக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பியிருக்கிறேன். கோபம்டி. உன் மேலேயும்தான். இன்றைக்குப் பேசிவிடுகிறேன். ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

நான் இன்னும் அதே வேலைதான். காலையில் கீரனூரில் பஸ் பிடிக்கிறேன். திருச்சியில் அந்த ஆஸ்பத்திரி லேபில் உட்கார்ந்து ஊரார் ரத்தத்தையும் சளியையும் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறேன். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் என்ன வியாதி என்று கண்டுபிடிக்கிற எனக்கு, கூடப்பிறந்தவளுக்கு என்ன என்று தெரியாமல் போயிற்று. அதை நினைக்காமல் ஒரு நாளும் நான் அந்த பஸ்ஸில் ஏறியதில்லை.

ஆவூர்ப் பக்கம் உன்னைக் கட்டிக்கொடுத்தோம். ரெண்டு வருஷம் குழந்தை இல்லை என்றதும் உன் மாமியார் மாதாவுக்கு நேர்ச்சை வைத்தாங்க: மருமகள் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவாள் என்று. நேர்ச்சை அவங்களுடையது, கால் உன்னுடையது. அப்போதே நான் கேட்டிருக்க வேண்டாமா?

ஏழு வருஷம் நடந்தாய். ஆகஸ்ட் மாசம் வந்தால் காவிப் புடவை, கழுத்தில் செபமாலை, தோளில் ஒரு துணிப்பை. சப்பரத்தில் மாதாவை வைத்து இழுத்துக்கொண்டு, தார் ரோட்டில் அஞ்சு நாள். உன் வீட்டுக்காரர் சேவியர், கொடியேற்றத்தன்றைக்கு பஸ்ஸில் வந்து இறங்குவார். கொடியைப் பார்த்துவிட்டு, கொப்புளக் காலோடு நிற்கிற உன்னைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸிலேயே திரும்புவார்.

மூன்றாவது வருஷம் உன்னை நான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். எல்லா டெஸ்ட்டும் எடுத்தோம். உனக்கு ஒரு குறையும் இல்லை. "இனி தம்பிதான் வரணும்" என்று சேவியரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "ஆம்பளைக்கு என்னக்கா டெஸ்ட்டு" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உன் மாமியார் அடுப்படியிலிருந்தே சொன்னாங்க: "மாதா இன்னும் கண்ணத் தொறக்கல. இவ நடையிலதான் ஏதோ குறை. வழியில செருப்புப் போட்டிருப்பா." நீ அடுத்த வருஷம் செருப்பில்லாமல் நடந்தாய்.

கடைசி வருஷம் நீ நடந்தபோது உனக்கு மாசக்கணக்காக ரத்தம் போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் சொல்லவில்லை. திரும்பி வந்த மறுவாரம் வயலில் விழுந்தபோதுதான் தெரிந்தது. கர்ப்பப்பை வாயில் புற்று. ரொம்பவே முற்றியிருந்தது. அந்த பயாப்ஸி ரிப்போர்ட் என் மேஜை வழியாகத்தான் போயிற்று, லூர்து.

வார்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், ஞாபகம் இருக்கா?

"ஏண்டி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நடக்க விடமாட்டியேக்கா."

"அந்த நடை என்னடி ஒனக்குக் கொடுத்துச்சு?"

நீ கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "அந்த அஞ்சு நாளும் எங்கிட்ட ஒருத்தரும் 'விசேஷம் உண்டா'ன்னு கேக்க மாட்டாங்கக்கா. எல்லாரும் நடப்போம். யாருக்கு என்ன வேண்டுதல்னு யாரும் கேக்கறதில்ல. பிள்ளைக்காக வேண்டுறத நாலாவது வருஷமே விட்டுட்டேன். சும்மா நடந்தேன்."

உன்னை அடக்கம் பண்ணின அன்றைக்குப் பிரசங்கத்தில் உன்னை விசுவாசத்துக்கு எடுத்துக்காட்டு என்றார்கள். உன் மாமியார் அழுதுகொண்டே, "மாதா அவளக் கூப்பிட்டுக்கிட்டா" என்றாங்க. எனக்கு வந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாதா எதற்குடி உன்னைக் கூப்பிடணும்? உன்னைக் கூப்பிட்டு டாக்டரிடம் காட்ட ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். அதற்கப்புறம் ரொம்ப நாள் நான் கோயிலுக்குள் போகவில்லை.

உன் வருஷத் திதிப் பூசை முடிந்த கையோடு சேவியர் வல்லத்திராக்கோட்டையிலிருந்து ரீட்டாவைக் கட்டிக்கொண்டு வந்தார். உன்னைவிடச் சின்னப் பெண். பாலிடெக்னிக் படித்தவள். ரெண்டு வருஷம் ஆயிற்று, பிள்ளை இல்லை. போன ஆகஸ்ட்டில் அவளுக்கும் காவி கட்டிவிட்டார்கள்.

கேள்விப்பட்டதும் லீவு போட்டுவிட்டு உங்கள் ஊர்க் கோயிலுக்குப் போனேன். சப்பரத்துக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடக்கிற கூட்டமெல்லாம் வாசலில் நின்றது. சேவியரிடம் நேராகப் போனேன்.

"தம்பி, ஒரு நாள் எங்கூட திருச்சிக்கு வாங்க. அதுக்கப்புறம் இந்தப் பொண்ணு எங்கிட்டு வேணாலும் நடக்கட்டும்."

உன் மாமியார் குறுக்கே வந்தாங்க. "செத்தவளோட அக்காவுக்கு இங்க என்ன வேலை? நல்ல காரியம் நடக்குற எடத்துல வந்து நிக்கிறா."

அப்போது ரீட்டா தோள்பையைக் கழற்றிக் கோயில் படியில் வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சத்தமே போடவில்லை. "அத்தை, நான் நடக்கலை. அவுக மொதல்ல அக்காகூடப் போயிட்டு வரட்டும். போகலைன்னா நான் எங்க வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

அத்தனை பேரும் பார்த்தார்கள். சப்பரம் அவளை விட்டுவிட்டுக் கிளம்பியது. சேவியர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நீ ஒரு தடவையாவது அப்படி உட்கார்ந்திருக்கக் கூடாதா லூர்து? கேட்கிற எனக்கே வெட்கமாக இருக்கிறது. நீ உட்காருகிற படியில் நானல்லவா பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

மறு திங்கட்கிழமை சேவியர் திருச்சிக்கு வந்தார். கண்ணாடித் துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து நான்தான் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒரே ஒரு விந்தணுகூட இல்லை. வேறு துளி எடுத்து வைத்தேன், அதிலும் இல்லை. ரெண்டு வாரம் கழித்து மறுபடி வரச்சொல்லிப் பார்த்தோம், அப்போதும் இல்லை. பிறவியிலேயே அப்படித்தான் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். எழுந்துபோய்க் கை கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். உன் ஏழு வருஷத்துக் கால் கொப்புளத்துக்குப் பதில் அரைமணி நேர வேலையில் இருந்தது.

சேவியர் வராந்தாவில் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். அவரைத் தேற்ற எனக்கு மனசு வரவில்லை. பாட்டிலில் தண்ணீர் மட்டும் கொடுத்தேன். கிளம்பும்போது சொன்னார்: "அக்கா, ஊருல எல்லாரும் லூர்தத்தான் மலடின்னாங்க. நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேன். நீங்களே சொல்லிடுங்க. எனக்குச் சொல்ல வாய் வரல." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம்.

பிறகு ஒருநாள் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன். சண்டை போடத்தான் போனேன். "ஃபாதர், நடந்து போகாட்டி விசுவாசம் கொறஞ்சு போயிருமா?" என்று கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. "போகணும்னு கட்டளை ஒன்னும் இல்லைங்கம்மா. நம்ம கோயில்ல இருக்கிற அதே நற்கருணை ஆண்டவர்தான் அங்கயும். வீட்டுல சொல்ல முடியாதத ரோட்டுல சொல்லலாம்னு நெறைய பேரு போறாங்க." உன்னைப் பற்றிப் பிரசங்கம் வைத்தவரும் அவர்தான். "நீங்க ஒரு தடவையாவது அவ எதுக்கு நடக்குறான்னு அவகிட்டக் கேட்டீங்களா?" என்றேன். "கேக்கலைங்கம்மா. தப்புதான்" என்றார். அதற்கு மேல் என்னிடம் சண்டைக்கு ஒன்றும் மிச்சமில்லை.

இந்த வருஷம் ரீட்டா நடந்தாள். யாரும் அனுப்பவில்லை, அவளாகவே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒனக்குமா பைத்தியம்?" என்றேன். "ஒன்னும் கேக்கப் போகலைக்கா. எனக்கு நடக்கணும்போல இருக்கு. செருப்புப் போட்டுத்தான் நடக்கிறேன்" என்றாள். மனசு கேட்காமல் தஞ்சாவூர் தாண்டி அவர்கள் தங்கின இடத்துக்கு பஸ்ஸில் போனேன். ஒரு கல்யாண மண்டபம். மத்தியான வெயிலுக்கு ஒதுங்கி, பத்திருபது பெண்கள் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்திருந்தார்கள். யாரோ ஏதோ சொல்ல, எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை, கல்யாணத்துக்கு அப்புறம்.

நீ எதற்கு நடந்தாய் என்று அங்கே கொஞ்சம் புரிந்தது. புரிந்ததால் ஆறவில்லை. அந்தச் சிரிப்புக்காக ஒரு பெண் வீட்டைவிட்டு அஞ்சு நாள் தூரம் போகவேண்டியிருந்தால், அந்த வீடு என்ன வீடு? ஜெபம் சொல்கிற வீடுதானே அதுவும்? மாதா படத்துக்கு விளக்கு எரிகிற வீடுதானே? நான் இன்னும் நடக்கவில்லை. நடப்பேன் என்றும் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறேன், கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். இப்போதைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

வருகிற கல்லறைத் திருநாளுக்கு ஊரே அங்கே வந்து நிற்கும். சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு உன்னிடம் வருவார். உன் மாமியாரும் நிற்பாங்க, சேவியரும் நிற்பார். அன்றைக்கு நான் வாயைத் திறப்பேன். உனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை என்று, கடைசி வரிசையில் நிற்கிறவருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வேன். பக்கத்தில் நிற்கிறேன் என்று ரீட்டா சொல்லியிருக்கிறாள். அவள் வராவிட்டாலும் சொல்வேன்.

உனக்கு முன்னால் பிறந்தும் உனக்கு முன்னால் நிற்கத் தவறிய
உன் அக்கா
ஸ்டெல்லா