ஜீவரட்ணம் டென்மார்க்கில் இல்லை

ஹொல்ஸ்டெப்ரோ
17.12.1986

அன்பு மகள் ஞானேஸ்வரிக்கு அப்பு எழுதுவது,

இந்தக் கடிதத்தைப் பிரித்ததும் யாரோ சின்னப்பிள்ளை கிறுக்கியது என்று நினைத்திருப்பாய், மன்னித்துக்கொள், அது நான்தான். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே சரிகிறது, பேனையை அழுத்திப் பிடிப்பதால் தாளின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்படும். ஞாயிற்றுக்கிழமை தொடங்கினேன், இன்று புதன், இன்னும் இதே கடிதம்தான். ஆனாலும் மகள், இதில் ஒரு எழுத்துக்கூட வேறு ஒருவர் கை பட்டது இல்லை. இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல உன் அண்ணன் பெண்சாதி ராசமலர் எழுதியது, நான் சொன்னதில் பாதிதான் அதில் இருந்திருக்கும். உங்கடை கதைக்குக் கடிதம் காணாது மாமா, பெட்டியிலை போட்டுத்தான் அனுப்போணும் என்று சிரிப்பாள். அவளேதான் வேலையால் வந்து வெங்காயம் உரித்துக்கொண்டே எனக்கு எழுத்துப் பழக்கினாள். இங்கே எங்கள் மூவர் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை, நீயும் மருமகன் சிவபாலனும் அதே போல இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் முகம் கழுவியதும் நான் முதலில் நினைப்பது. அண்ணன் தவராஜாவுக்கு இறைச்சித் தொழிற்சாலையில்தான் இன்னும் வேலை, குளிரில் நின்று நின்று விரல் நுனி மரத்துப்போகிறது என்கிறான். ராசமலர் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்குப் போகிறாள். காற்றுத்தான் பொல்லாதது, வெளியே போனால் ஆளைத் தள்ளிக்கொண்டு போகிறது.

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. வாசித்துக் காட்ட ராசமலர் வந்தாள், வேண்டாம் பிள்ளை என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் கொண்டுபோய் நானே வாசித்தேன். என் மகள் எழுதியதை என் கண்ணால் வாசித்த முதல் நாள் அது, அந்தச் சந்தோசத்தை எழுதுகிற அளவுக்கு எனக்கு இன்னும் எழுத்து வராது. பொங்கலுக்கு உங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு அமெரிக்கக் காங்கிரஸ் சபை உறுப்பினர் வருகிறார், அவருக்குப் பொன்னாடை போர்த்த உன்னைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அரசியல் ஒன்றும் கதைக்க வேண்டாம், இது கலைவிழா என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தாய். பொன்னாடை என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

புரட்டாதியில் ஊரிலிருந்து அம்மா பேசிப் பதிந்த ஒரு கசெற் வந்தது. உன் தம்பி ஜீவரட்ணத்தை ஆமிக்காரர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் வைகாசியோடு ஒரு வருடம் போய்விட்டது, அம்மா இன்னும் ஒவ்வொரு கிழமையும் அந்த முகாம் வாசலுக்குப் படத்தோடு போகிறாள், அது உனக்குத் தெரியும். இதுவரை, அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். இப்போது புதிதாக ஒரு கதை சொல்கிறார்களாம். உன்ரை மூத்த மகன் டென்மார்க்கிலைதானே, இவனும் அங்கை ஓடியிருப்பான், இல்லாட்டி அமெரிக்காவிலை அக்காவிட்டை இருப்பான், போய் அங்கை தேடு என்று அங்கே நின்ற அதிகாரி சொல்லிச் சிரித்தானாம். அம்மா அதைச் சொல்லும்போது பின்னால் யாரோ தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது. நான் இங்கே வரப் புறப்பட்டபோது அவள் என்ன சொன்னாள் என்று உனக்கு ஒருநாளும் எழுதவில்லை, ராசமலரை எழுதச் சொல்ல மனம் வரவில்லை. தனக்கும் விசா இருந்தும் அவள் வர மாட்டேன் என்றுவிட்டாள். நீங்கள் அங்கை போய்க் கேளுங்கோ, நான் இஞ்சை நிண்டு கேக்கிறன் என்றாள். அதற்காகத்தான் மகள் நான் வந்தேன், சாப்பிட்டுவிட்டுக் கணப்புக்குப் பக்கத்தில் இருப்பதற்கு வரவில்லை.

கசெற்றைக் கேட்ட பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த நாட்டில் ஆளுக்கு ஒரு இலக்கம் உண்டு, இலக்கம் இல்லாமல் ஒருவரும் இங்கே இருக்க முடியாது. அப்படியானால் ஜீவரட்ணம் இங்கே இல்லை என்று இந்த அரசாங்கமே எழுதித் தரலாம்தானே. அந்தக் கடதாசியோடு அம்மா போய் நின்றால், பிறகு அவன் எங்கே போனான் என்று அவர்கள் சொல்லுவார்கள்? தவராஜாவைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்த பெண் மரியாதையாகத்தான் கதைத்தாள், இருக்கிறவர்களுக்கு அத்தாட்சி தரலாம், இல்லாத ஒருவருக்குத் தருகிற வழக்கம் இல்லை என்றாள். மொழிப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் படிப்பிக்கிற இங்கர் ரீச்சரிடம் இதைச் சொன்னபோது, அவர் வேறு வழி ஒன்று சொன்னார். இங்கே பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் மந்திரிக்குக் கேள்வி எழுதிக் கொடுத்தால் மந்திரி பதில் சொல்லியே ஆக வேண்டும், பதில் அச்சில் வரும். சொல்லியே ஆக வேண்டுமா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். நாற்பது வருடம் சுருட்டுக் கொட்டிலில் ஒருவர் பேப்பர் வாசிக்க, நாங்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டு கேட்டவர்கள். அமெரிக்காவின் சனாதிபதி ஒருவர் சனங்களுக்குப் பொய் சொல்லிப் பிடிபட்டுப் பதவியை விட்டுப் போனார் என்று வாசித்த அன்று கொட்டிலில் ஒருவரும் நம்பவில்லை, வாசித்தவரை மறுபடியும் வாசிக்க வைத்தோம். எங்கள் நாட்டில் அரசியல் சட்டத்தையே மாற்றி மாற்றி எழுதினார்கள், ஆனால் எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒருவரும் அதில் எழுதியதாக நான் கேட்கவில்லை.

தீபாவளி விழாவுக்கு இந்தப் பகுதி பாராளுமன்ற உறுப்பினர் வருகிறார் என்று தெரிந்ததும் இங்கர் ரீச்சர் எனக்கு ஒரே ஒரு வசனம் டெனிஸில் பழக்கினார். எர் மின் சொன் இ டன்மார்க், என் மகன் டென்மார்க்கில் இருக்கிறானா, அவ்வளவுதான். குளிக்கும்போதும் அதைச் சொல்லிப் பார்ப்பேன், உள்ளே ஆரோடை கதைக்கிறியள் மாமா என்று ராசமலர் கதவைத் தட்டுவாள். ஆனால் விழாக் குழுத் தலைவர் ஞானரட்ணம், பாராளுமன்றத்து ஆளை வெறுங்கழுத்தோடு அனுப்பக் கூடாது என்று சொல்லி, ரண்டர்ஸ் ஊரில் இருக்கிற ஒரு குடும்பத்திடம் பொன்னாடை இரவல் வாங்கி வந்துவிட்டார். வயதில் மூத்தவர் போர்த்துவதுதான் முறை என்று என் கையில் தந்தார். எனக்கும் பெருமைதான், பொய் சொல்லக் கூடாது. அந்த மனிதர் பனை உயரம், நான் போர்த்துவதற்காகக் குனிந்து நின்றார், மண்டபம் முழுக்கக் கைதட்டியது, படம் எடுத்தார்கள். பிறகு அவர் பேசினார். பேசி முடித்ததும் பொன்னாடையோடே நின்று, உங்களுக்கு என்ன குறை இருக்கிறது, என்னிடம் கேளுங்கள், அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லி மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார். மகள், ஊரில் விட்டுவந்த பிள்ளைகளைக் கூப்பிடுவது பற்றிக் கேட்க இருந்தவர்கள், தங்கள் அகதி வழக்கைப் பற்றிக் கேட்க இருந்தவர்கள் எல்லோரும் அந்த மண்டபத்தில்தான் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை, எல்லோரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போர்த்திக் கௌரவித்த கையின் சூடு ஆறும் முன் அவரைக் கேள்வி கேட்க எனக்கு நா எழவில்லை. ஆனாலும் நான் எழும்பப் பார்த்தேன், அதைக் கண்ட ஞானரட்ணம் குனிந்து, தேவராசா அண்ணை, விருந்தாளியைக் கூப்பிட்டுக் கோர்ட்டுக்கு இழுக்கிறதே? என்று காதுக்குள் சொன்னார். சொல்லிவிட்டு மைக்கை வாங்கி, எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, மிக்க நன்றி என்று டெனிஸில் சொல்லி முடித்து, அவருக்கு வடை கொண்டுவரச் சொன்னார்.

காரில் வரும்போது தவராஜா, நீங்கள் அவருக்குப் போர்த்தேல்லை அப்பு, எங்கடை வாய்க்குத்தான் போர்த்தினியள் என்றான். விடுங்கோப்பா, மாமா சாப்பிடவும் இல்லை என்று ராசமலர் அவனை அடக்கினாள். இங்கர் ரீச்சர் கோபிக்கவில்லை, அவருக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான். சால்வை நல்ல வடிவு, ஆனால் கேள்வி கேட்பதும் மரியாதைதானே, கேட்காவிட்டால் அவருக்கு என்ன வேலை என்றார். அடுத்த கிழமை ஊர்ப் பத்திரிகையில் படம் வந்தது. தமிழர்கள் நன்றியுள்ள சனங்கள், அவர்களிடம் குறை ஏதும் இல்லை என்று உறுப்பினர் சொன்னதாகக் கீழே போட்டிருந்தது. அவரில் பிழை இல்லை, நாங்கள் சொன்னதைத்தான் அவர் சொன்னார். அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அம்மாவுக்கு அனுப்புவோமா என்று ராசமலர் ஒன்றும் நினையாமல் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

போன செவ்வாய் இரவு தொலைக்காட்சியில் உங்கள் நாட்டுச் செய்தி காட்டினார்கள், நீயும் பார்த்திருப்பாய். காங்கிரஸ் சபைக்குத் தெரியாமல் ஈரானுக்கு ஆயுதம் விற்ற விஷயம். மார்பு நிறையப் பதக்கங்களோடு சீருடையில் ஒரு அதிகாரி வந்து, கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்தார். சாதாரணக் கோட்டுப் போட்டவர்கள் மேலே இருந்து கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. தன் வாயால் தன்னைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை என்று அரசியல் சட்டத்தில் இருக்கிறதாம், அந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன் என்றார். கள்ளன் தப்புற வழியைப் பாருங்கோ அப்பு என்று தவராஜா சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீருடை போட்டவனைச் சீருடை இல்லாதவர்கள் கூப்பிட்டுக் கேட்கிறதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் வாய் திறக்காததற்காக ஒருவரும் அவரைத் தொடவும் இல்லை, அதற்காக அவர்கள் கேட்கிறதை நிறுத்தவும் இல்லை. எழும்பி முகம் கழுவுகிற மாதிரிப் போய்க் குளியலறையில் நின்று அழுதேன். ஜீவரட்ணத்தையும் எங்கோ ஒரு அறையில் இருத்திக் கேட்டிருப்பார்கள். அவன் வாய் திறந்திருக்க மாட்டான். நீ உடைத்த கண்ணாடிக்கு அவன் என்னிடம் அடி வாங்கினான், அக்காதான் உடைத்தவ என்று கடைசிவரை சொல்லவில்லை. அப்படிப்பட்ட பிள்ளை. சொல்லாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

மருமகன் பயப்படுகிறார் என்று எழுதியிருந்தாய், குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிற நேரம், வேலை, வீடு. அவர் பயப்படுவதில் குற்றம் இல்லை, அவரோடு சண்டை பிடிக்காதே. ஆனால் இங்கர் ரீச்சர் நூல்நிலையத்தில் பார்த்துச் சொன்னார், அரசாங்கத்திடம் குறையைச் சொல்லிக் கேட்கிற உரிமை அங்கே சனங்களுக்கு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறதாம், குடியுரிமை எடுத்தவர்களுக்கு மட்டும் என்று அதில் இல்லையாம். இதை அவருக்கு ஆறுதலாகச் சொல்லு. நீ பொன்னாடை போர்த்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன், அவர் காரால் இறங்கி வரும்போதோ, அதற்கும் முந்தி அவர் அலுவல் பார்க்கிற கந்தோரிலோ, உன் கேள்வியைக் கேட்டுவிடு. என் தம்பி அமெரிக்காவுக்கு வந்ததாக உங்கள் அரசாங்கத்தில் ஏதாவது பதிவு இருக்கிறதா, இல்லையென்றால் அதை எழுதித் தருவீர்களா, அவ்வளவுதான் கேள்வி. கேட்ட பிறகு நல்ல மனதோடு போர்த்து.

நானும் இங்கே சும்மா இருக்கப் போவதில்லை. வருகிற திங்கட்கிழமை அந்த உறுப்பினர் ஊருக்கு வந்து தன் கட்சி அலுவலகத்தில் இருப்பாராம், யாரும் போகலாமாம். இங்கர் ரீச்சர் கூட வருகிறார், வெறுங்கையோடுதான் போகிறோம். ஞானரட்ணம் கேள்விப்பட்டுவிட்டு, அண்ணை, வடையாவது கொண்டு போங்கோ என்றார், அவர் நல்ல மனிதர்தான்.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்லிவிடுகிறேன், தவராஜாவிடம்கூடச் சொல்லவில்லை. இங்கே இல்லை என்று இந்த நாடும், அங்கே இல்லை என்று உன் நாடும் எழுதித் தந்தால், பிறகு முகாம்தான் பதில் சொல்ல வேண்டும். அது என்ன பதிலாக இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அம்மாவுக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்கச் சொல்கிறாள். அந்தக் கடதாசி எந்த மொழியில் வந்தாலும், ராசமலரைக் கொண்டு தமிழில் எழுதுவித்து மட்டும் வாங்கிக்கொள்வேன். வாசிக்க அவளை விட மாட்டேன். நானே எழுத்துக் கூட்டி, எவ்வளவு நேரம் போனாலும், நானே வாசிப்பேன், பிறகு அம்மாவுக்கு நானே கசெற்றில் சொல்லுவேன். அவள் அதை வேறு யார் குரலிலும் கேட்கக் கூடாது.

நீயும் மருமகனும் ஒரு குறையும் இல்லாமல் நீண்டகாலம் வாழ வேண்டும், இந்த அப்புவின் ஆசீர்வாதம் எப்போதும் உங்களுக்கு உண்டு. பனியில் காதை மூடிக்கொண்டு போ, முதுகு நோவை வைத்துக்கொண்டு பாரம் தூக்காதே. தம்பியின் முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதிக் கைப்பைக்குள் வைத்துக்கொள், பதற்றத்தில் மறந்துபோகும். திங்கள் அந்த மனிதர் என்ன சொன்னார் என்பதை அடுத்த கிழமை எழுதுவேன், ஒன்றும் சொல்லாவிட்டால் அதையும் எழுதுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பு
தேவராசா