முழங்கைக்குக் கீழே

பென்டில் ஹில்,
ஞாயிறு பின்னேரம்.

என் அன்பு மகள் தர்ஷனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் பவளம் பெரியம்மாவும் மெல்பேர்னில் சுகமாயிருக்க வேண்டும் என்று நினைக்காத நாளில்லை. வேண்டிக்கொள்கிறேன் என்று எழுதினால் அப்பாவுக்கு எப்போது பக்தி வந்தது என்று சிரிப்பாய், அதனால் நினைக்கிறேன் என்றே எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் இதைச் சொல்லத் தொடங்கினால் நான் அழுதுவிடுவேன். பிறகு நீ என்னைத் தேற்ற வெளிக்கிடுவாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். நீ அழ அழச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது வீண்போகவில்லை. எழுத்துக் கூட்டியாவது நீயே வாசி. பெரியம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே, அவ அழுதுவிட்டு இரண்டு நாளைக்குச் சாப்பிடமாட்டா.

அவ இப்போது தடி இல்லாமல் நடக்கிறா என்று கேள்விப்பட்டுச் சந்தோசம். இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியால் வந்தவவைக் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் நீ போனாய். அவவைக் குளிப்பாட்டி, பிடித்து நடத்தி, மருந்து கொடுத்துப் பழகி, இனி நேர்ஸ் வேலைதான் படிக்கப் போகிறேன் என்று அறிவித்தாய். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதைச் சொல்லாமல் சம்பளம் என்ன என்று கேட்டேன். என் குணம் உனக்குத் தெரியும்தானே.

இப்போது இரண்டு இடத்தில் உனக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று அங்கே மெல்பேர்னில், அரசாங்கத்தின் டேஃப் கல்லூரி. மற்றது இங்கே எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், பரமட்டாவில் ஒரு தனியார் கல்லூரி. செவ்வாய்க்கிழமைக்குள் எது வேண்டும் என்று பதில் சொல்ல வேண்டும். எது என்றாலும் எனக்கு ஃபைன், நீங்களே சொல்லுங்கோ அப்பா என்று என் தலையில் போட்டுவிட்டாய். சின்ன வயதில் பல்லுவலியில் கன்னம் வீங்கி நின்றபோதும் ஃபைன் என்றுதான் சொன்னாய். அதனால் நீ ஃபைன் என்றால் நான் நம்புவதில்லை.

உனக்குச் சொல்லாமல் இரண்டு இடத்துக்கும் போன் எடுத்தேன். என்னுடைய இங்கிலீசில்தான். பாடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் மகளின் மணிக்கட்டில் ஒரு கோயில் நூல் இருக்கிறது, அதைக் கழற்ற வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

டேஃப்பில் பேசிய பெண் பொறுமையாக விளங்கப்படுத்தினா. முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக்கூடாதாம். மணிக்கூடு, காப்பு, நூல், எதுவும். நூல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்குமாம், கையை எவ்வளவு கழுவினாலும் ஒரு நோயாளியின் கிருமி அதில் தங்கி அடுத்தவருக்குப் போய்விடுமாம். பயிற்சிக்குப் போகிற எந்த ஆஸ்பத்திரியிலும் இதுதான் சட்டம் என்றா. பரமட்டாவில் பேசிய பெடியன் நோ ப்ராப்ளம் சேர் என்றான். எனக்கு உயிர் வந்தது. நூலும் கையில் இருக்கும், நீயும் வீட்டுக்கு வந்துவிடுவாய். அன்று பின்னேரம் உன் அறை ஜன்னலைத் துடைத்து, கட்டில் விரிப்பைக்கூட மாற்றினேன்.

அந்த நூலின் கதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அண்ணா துஷாந்தைக் கடல் கொண்டுபோன கோடையில், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு எல்லோரும் மெல்பேர்ன் வந்தோம். கேரம் டவுன்ஸ் கோயிலில் ஐயர் தந்த நூலை அம்மா உனக்குக் கட்டினா. அன்றிலிருந்து வருசா வருசம் புதியதைக் கட்டி முடித்த பிறகுதான் பழையதை வெட்டுவா. உன் கை ஒரு நிமிசமும் வெறுமையாக இருந்ததில்லை. இந்த நூலுக்கு என்ன தெரியும் என்று நான் பக்கத்தில் நின்று நக்கலடிப்பேன்.

ஆனால் பயந்து சாகிறவன் நான்தான், மகள். கடற்கரைப் பக்கத்து பஸ் டிப்போவில் என்னைப் போன்ற மெக்கானிக்குகளுக்கு மேற்பார்வையாளர் வேலை தந்தார்கள், அலைச் சத்தம் கேட்குமே என்று வேண்டாம் என்றேன். மெல்பேர்னில் ட்ராம் மோதியது என்று செய்தி வந்தால், அடிபட்டவருக்கு எண்பது வயது என்று வாசித்த பிறகும் உனக்கு மெசேஜ் போடுவேன். சாப்பிட்டாயா என்று நான் கேட்பதெல்லாம் சாப்பாட்டைப் பற்றி அல்ல. உன் கையில் அந்தச் சிவப்பு நூல் கிடக்கிறது என்று நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அது இல்லாத உன் கையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஒருவேளை நீ டேஃப்புக்கே போவதென்றாலும் நூல் உன்னோடு இருக்கட்டும் என்று ஒரு நாள் முழுக்க வழி தேடினேன். காலில் கட்டலாமா என்று யோசித்து, சாமி நூலைக் காலில் கட்டுவதா என்று நானே என்னை ஏசினேன். முழங்கைக்கு மேலே, தோள்பட்டைக்குப் பக்கத்தில் கட்டினால் சட்டைக்குள் மறைந்துவிடுமே என்று அம்மாவிடம் சொன்னேன். அவ குசினியில் சமைத்தபடியே, பிள்ளை படிக்கப் போறாளோ, காவடி எடுக்கப் போறாளோ என்று கேட்டா.

பிறகுதான், நீ போன கிழமை டேஃப்பைப் பார்க்கப் போன நாளில் நடந்ததை எனக்குச் சொன்னா. நூலுக்கு மேலே பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு போனாயாம். ஆசிரியை என்ன காயம் என்று கேட்க, வெட்டுக்காயம் என்று பொய் சொன்னாயாம். காயம் என்றால் ஆறும் வரைக்கும் நோயாளியைத் தொடக்கூடாது என்று அவ உன்னைச் சுவரோரம் நிற்க வைக்க, மற்றப் பிள்ளைகள் எல்லோரும் ஒருவருக்கொருவர் நாடி பிடித்துப் பழக, நீ பார்த்துக்கொண்டு நின்றாயாம். அம்மாவிடம் அழுதிருக்கிறாய். என்னிடம் ஃபைன் என்றாய்.

அதைக் கேட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. இதற்காகத்தான் பரமட்டா நல்லது என்கிறேன், அங்கே நூலை ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எனக்கு எதிரே கதிரையில் இருந்தா. இவ்வளவு காலமும் வேலைக்குப் போனால் கலியாண மோதிரத்தைக் கழட்டிப் பொக்கற்றுக்குள்ள போட்டிட்டுத்தானே பஸ்ஸுக்குக் கீழ போறியள், என்ரை தாலிக்கு என்னமும் ஆகிப்போச்சு எண்டு நான் ஒருநாளாவது அழுதனானோ என்று கேட்டா. பிறகு சத்தத்தைக் குறைத்து, துஷாந்தின்ரை கையிலயும் நூல் கிடந்ததுதானே, ஆஸ்பத்திரியில நீங்களும் பார்த்தனீங்கள்தானே என்றா.

பார்த்தேன், மகள். நனைந்து, மணல் ஒட்டி, முடிச்சு அவிழாமல் அப்படியே கிடந்தது. அதை நினைக்காமல் இருக்க நான் நன்றாகப் பழகியிருந்தேன்.

அப்ப ஏன் பிள்ளைக்குக் கட்டினனீர் என்று அம்மாவோடு கத்தினேன். அவ கோபிக்கவில்லை. உங்களுக்காகத்தான் கட்டினனான் என்றா. அவன் போனாப் பிறகு, பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடமாட்டன் எண்டு வாசல்ல கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தனீங்கள், மறந்துபோனியளே? நூல் கட்டிக்கொண்டு வந்த அடுத்த நாள்தான் கதிரையை உள்ளுக்க எடுத்தனீங்கள் என்றா.

எனக்கு அந்தக் கதிரை ஞாபகத்தில் இல்லை. உனக்கு இருக்கும்.

இரவு நித்திரை வரவில்லை. விடிந்ததும் பரமட்டாப் பெடியனுக்குத் திரும்பவும் போன் எடுத்தேன், சனிக்கிழமையும் திறந்திருக்கிறார்கள். காப்புப் போடலாமா என்று கேட்டேன், நோ ப்ராப்ளம். மணிக்கூடு? நோ ப்ராப்ளம். எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி என்று கேட்டேன், அதைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ சேர் என்றான். பிறேக்கைப் பார்க்காமலே எல்லாம் சரி என்று கையெழுத்து வைக்கிறவனை எங்கள் டிப்போவில் ஒரு நாளும் வைத்திருக்கமாட்டோம். அவன் சரி என்று விடுகிற பஸ்ஸில் நான் என் பிள்ளையை ஏற்றவா?

ஆகையால் டேஃப்பையே எடு. தபாலுக்கு நேரம் இல்லை, இதைப் படம் பிடித்து இன்றிரவே உன் போனுக்கு அனுப்புகிறேன், நாளைக்கே ஓம் என்று சொல்லு. அப்பா முழு மனதோடு சொல்கிறேன் என்று எழுத ஆசைதான். பாதி மனதோடு சொல்கிறேன், மற்றப் பாதி நடுங்கிக்கொண்டிருக்கிறது. அது நடுங்கட்டும், நீ அதைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. இவ்வளவு காலமும் என் பயத்தை உன் கையில் கட்டி வைத்திருந்திருக்கிறேன்.

நூலை நீயே வெட்டு, வேறு யாரையும் வெட்ட விடாதே. கோயிலுக்குப் போகும்போது மரத்தடியில் போட்டுவிடச் சொன்னா அம்மா. வெட்டிய இடத்தில் தோல் கொஞ்சம் வெளுத்துத் தெரியும், சில நாளில் சரியாகிவிடும். அந்த ஆசிரியையிடம் போய் அது காயம் இல்லை என்று சொல்லிவிடு.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். அன்றைக்கு அண்ணா கடலுக்கு வெளிக்கிட்டபோது நான் வேலையில் இருந்தேன். அவன் என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. நீ ஒவ்வொரு நாளும் வீட்டால் வெளிக்கிடும்போது, போட்டு வாறன் அப்பா என்று ஒரு வரி அனுப்பு. இங்கிலீசில் பாய் என்று போடாதே, அதில் போவது மட்டும்தான் இருக்கிறது, திரும்பி வருவது இல்லை. இதை எந்த ஆஸ்பத்திரியும் கழற்றச் சொல்லாது. ஒரு நாள் மறந்தால் பரவாயில்லை என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், எழுத முடியவில்லை. மறக்காதே.

உன் கை பட்ட இடமெல்லாம் சுகம் வரட்டும்.

போட்டு வா, பிள்ளை.

உன் அப்பா
கணேசலிங்கம்