ஒயரை மாற்றித்தான் இருந்தேன்

இன்று காலை புது ஸ்பீக்கர் ஒயரின் முனையைச் சீவினேன். செம்பு வாசனை விரலில் ஒட்டிக்கொண்டது. உடனே உன் ஞாபகம். நான் கூப்பிடவில்லை, தானாக வந்தது.

சுசீந்திரத்தில் உன் வீட்டு முன்னறை. மஸ்கட்டிலிருந்து நீ கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயர், இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்தால் நாம் அங்கேதான். நீ கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்காருவாய். நான் பின்னால் போய் ஒயரை மாற்றுவேன். சில சமயம் மாற்றியதுபோல் பாவனை மட்டும் செய்வேன். அதே வயலின் இசை மறுபடியும் ஓடும். ஒயர் மாறியதா இல்லையா என்று நீ கேட்டே சொல்லவேண்டும்.

"இது வெள்ளி பூசின ஒயரு. வில்லு உரசுகது கேக்கா மக்கா?" என்பாய். எனக்குக் கேட்காது. உனக்கு ஒருநாளும் தவறியதில்லை.

அந்த ஞாயிறு பாடகர் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். உன் காதைப் பற்றிப் பெருமையடித்து நான்தான் கூட்டிவந்தேன். முதல் தடவை நீ தயங்கினாய். இரண்டாவது தடவை தலையைத் திருப்பி, வலது காதை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினாய். பிறகு துண்டை அவிழ்த்தாய்.

"ஏலே, நீ ஒயரை மாத்தவே இல்ல. இவங்க முன்னால என்னை மடையனாக்கப் பாக்கியா?"

"மாத்தினேன் மக்கா. கழத்தின ஒயரு இந்தா கையில இருக்கு."

"அதைச் சும்மா பிடிச்சிட்டு நிக்க. கள்ளப்பய."

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை.

அதன்பிறகு நீ போனை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தால், நீ உறங்குவதாகச் சொல்லி உன் மனைவி வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

உன்னை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில்தான் அவள் சொன்னாள். "அந்த ஞாயிறுக்கு முன்னமே இடது காது கேக்காது அண்ணா. தலைக்குள்ள கட்டி. திருவனந்தபுரத்துல காட்டினோம். அண்ணங்கிட்ட மட்டும் சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாவ."

காது போயிற்று என்று சொல்வதைவிட என்னைக் கள்ளன் என்பது உனக்கு எளிதாக இருந்திருக்கிறது. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தாய்? உன்னோடு பஸ் ஏறி வந்து அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான்.

அந்த இரண்டு பேரும் இன்றும் சர்ச் வாசலில் என்னைக் கண்டால் உதட்டோரம் சிரிக்கிறார்கள். உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்னால் நீ தெரிந்தே பழி போட்டாய் என்றாகிவிடும். அதனால் வாயைத் திறக்கவில்லை. உன் பெயர் கெடாமலிருக்க இந்தக் கெட்ட பெயரை நான் சுமக்கிறேன். பிரியத்தோடு சுமக்கிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதே.